பதிவில் இல்லை!

உலகக் கோப்பை ஆட்டங்களில் அதிகம் பேசப்பட்ட ஒன்று, மிகக் குறைவானவர்களே பார்த்தது. 1983 ஜூன் 18. இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானம். எதிரணி ஜிம்பாப்வே. கவாஸ்கர் பூஜ்யம், ஸ்ரீகாந்த் பூஜ்யம். 17 ரன்னுக்கு 5 விக்கெட் காலி. அங்கிருந்து கபில்தேவ் 138 பந்துகளில் 16 பவுண்டரி, 6 சிக்சருடன் 175 ரன் எடுத்து, கடைசி வரை அவுட்டாகாமல் நின்றார். ஒன்பதாவது விக்கெட்டுக்கு கிர்மானியுடன் பிரியாமல் சேர்த்தது 126. அதில் கிர்மானியின் பங்கு 24. அன்றைய தேதியில் ஒருநாள் கிரிக்கெட்டில் அதுதான் உலக சாதனை. 31 ரன்னில் ஜெயித்த இந்தியா, ஏழே நாளில் கோப்பையையும் தூக்கியது.

அந்த ஆட்டத்துக்கு டி.வி. பதிவே கிடையாது. பி.பி.சி.யில் வேலைநிறுத்தம் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் காரணம். அதே நாளில் இங்கிலாந்து - பாகிஸ்தான், ஆஸ்திரேலியா - மேற்கிந்தியத் தீவுகள் என்று பெரிய தலைகள் வேறு மைதானங்களில் மோதிக்கொண்டிருந்தன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இந்தியா - ஜிம்பாப்வே ஆட்டத்தை அன்று யார் சீந்துவார்கள்? 2021இல் வந்த '83' படத்தில் ரண்வீர் சிங் ஆடிக் காட்டியதைப் பார்த்துத்தான் இப்போது திருப்திப்பட வேண்டியிருக்கிறது.

கபிலையாவது யாரும் படம் பிடிக்கவில்லை. பிடித்த படத்தைத் தொலைத்தவர்களும் உண்டு. தொலைத்தது நாசா. தொலைந்தது, மனிதன் நிலவில் கால் வைத்த காட்சி.

1969 ஜூலையில் உலகம் டி.வி.யில் பார்த்த ஆம்ஸ்ட்ராங் ஆவி போல மங்கலாகத் தெரிந்ததற்கு நிலவு காரணமல்ல. அங்கிருந்த காமிரா அனுப்பியது விநாடிக்கு 10 படங்கள். வீட்டு டி.வி.க்கு அது ஒத்துவராது. எனவே ஆஸ்திரேலியாவிலும் கலிபோர்னியாவிலும் இருந்த தரை நிலையங்களில் அந்தப் படத்தை ஒரு திரையில் ஓடவிட்டு, திரையை இன்னொரு காமிராவால் எடுத்து ஒளிபரப்பினார்கள். தியேட்டரில் உட்கார்ந்து திருட்டு விடியோ எடுப்பவர்கள் செய்கிற அதே வேலை!

தெளிவான மூலப் படம் தனியே காந்த நாடாக்களில் பதிவாகியிருந்தது. வருடக்கணக்கில் தேடிவிட்டு 2009இல் நாசா கையை விரித்தது. நாடாவுக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் பழையவற்றை அழித்து மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள். இதுவும் அதோடு போயிருக்க வேண்டும். டி.வி. நிலையங்களிடம் இருந்த நகல்களைத் துடைத்துச் சுத்தம் செய்துதான் இன்று காட்டுகிறார்கள். கோடிக்கணக்கில் கொட்டி நிலவுக்குப் போனவர்கள் சிக்கனம் பிடித்த இடம் நாடா!

நம் சினிமாக்காரர்களும் சளைத்தவர்கள் அல்ல. முதல் இந்தியப் பேசும் படமான 'ஆலம் ஆரா' 1931 மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் வெளியானது. பக்கத்தில் ஓடும் ரயிலின் சத்தத்துக்குப் பயந்து, அர்தேஷிர் இரானி நடுராத்திரியில் எடுத்த படம். அதே ஆண்டு அக்டோபரில் வந்த 'காளிதாஸ்' படத்தில் டி.பி. ராஜலட்சுமி தமிழிலும் மற்றவர்கள் தெலுங்கிலும் இந்தியிலும் பேசினார்கள். இரண்டுக்கும் இன்று ஒரு பிரதிகூட இல்லை. அந்தக் கால நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். தீக்குத் தப்பியதையும் ஓடி முடித்த பிறகு, அதிலுள்ள வெள்ளிக்காகக் கரைத்தார்கள்.

மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்' இப்படித்தான் மாயமானது. இரண்டாவது படமான 'மார்த்தாண்ட வர்மா' (1933) தப்பியது ஒரு வழக்கின் புண்ணியத்தில். சி.வி. ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவிய ஊமைப் படம். உரிமை எங்களுடையது என்று நாவலின் பதிப்பாளர் கோர்ட்டுக்குப் போக, படம் முடங்கியது. பிரதி பதிப்பாளரின் கைக்குப் போனது. யாரும் தொடாமல் சுமார் நாற்பது ஆண்டுகள் கிடந்த அதை 1974இல் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பெற்றுக்கொண்டது.