ஊரைச் சேர்க்கும் முன் ஊரைக் கேளுங்கள்



"பக்கத்து ஊராட்சிகளைக் கோவில்பட்டி நகராட்சியோடு சேர்த்தால் என்ன? சிவகாசி மாநகராட்சி ஆகவில்லையா?" என்று கேட்கிறீர்கள். 2021-இல் சிவகாசியோடு சேர்ந்த திருத்தங்கல் ஏற்கெனவே நகராட்சி. சிலப்பதிகாரத்திலேயே 'தங்கால்' என்று பெயர் வரும் பழைய ஊர். இன்று 48 வார்டு மாநகராட்சியில் ஒரு பகுதி. அங்கே நகரமும் நகரமும் சேர்ந்தன. இங்கே சேரப்போவது கிராமங்கள். இரண்டும் ஒரே கணக்கா?

இலுப்பையூரணி போன்ற ஊராட்சி நகராட்சிக்குள் போனால் இரண்டு போய்விடும். ஒன்று, ஊரக வேலை உறுதித் திட்டம். அது கிராமத்துக்கு மட்டுமே உண்டு. மழை பொய்த்த வருசம் மானாவாரிக் கரிசலில் வயதான பெண்களுக்கு அந்தக் கூலிதான் கஞ்சி. இன்னொன்று, கிராம சபை. அங்கே வாக்காளர் எவரும் எழுந்து கணக்குக் கேட்கலாம். நகர்மன்றக் கூட்டத்தில் நமக்காகக் கவுன்சிலர்தான் பேச முடியும்.

சாலையும் குடிநீரும் வரும் என்கிறார்கள். எந்தத் தெருவுக்கு, எந்த வருசத்துக்குள், வீட்டுவரி எவ்வளவு ஏறும் என்று முதலில் எழுத்தில் தரட்டும். பிறகு ஊர் முடிவு செய்யட்டும்.

கிராம சபை கூடும் நாளில் ஊரில் இருங்கள். வெளியூரில் இருந்தால் அப்பா அம்மாவை அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் திட்டுவது எதுவும் தீர்மானப் புத்தகத்தில் ஏறாது.