போன வருஷ லாபத்துக்கு இந்த வருஷ மந்தமா?

2019 ஆகஸ்டில் எண்ணூர் அசோக் லேலண்ட் தொழிலாளர்கள் போனஸைக் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். லாரி விற்பனை படுத்துக் கிடந்த நேரம். அடுத்த மாதமே எண்ணூர் ஆலைக்கு 16 நாள் "வேலையில்லா நாள்" என்று அறிவிப்பு வந்தது. ஓசூருக்கு 5 நாள்தான். (2008 கடைசியிலும் இதே கம்பெனி வாரத்துக்கு 3 நாள் வேலை என்று குறைத்தது.)

"வண்டியே விற்கல, இப்ப போய் போனஸா?" என்று கேட்டவர்கள் நிறைய. கேள்வி நியாயம் மாதிரி தெரியும், ஆனால் கணக்கு இடிக்கிறது. போனஸ் என்பது முடிந்துபோன கணக்கு ஆண்டுக்கு. ஆண்டு முடிந்து 8 மாதத்துக்குள் தர வேண்டும், குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. மார்ச் 2019-ல் முடிந்த ஆண்டில் அசோக் லேலண்டின் நிகர லாபம் 2,000 கோடி ரூபாயை நெருங்கியது! அந்த லாபத்துக்கு உழைத்தவனுக்கு அடுத்த வருஷத்து மந்தத்தைக் காட்டிக் குறைத்தால் எப்படி?

கையில் ரொக்கம் இல்லை என்பது வேறு விஷயம், அது உண்மையாகவே இருக்கலாம். அப்படியென்றால் இரண்டு தவணையாகத் தரட்டும். மேலதிகாரிகளின் இன்சென்டிவை முதலில் தள்ளிப்போடட்டும்.

நிரந்தரத் தொழிலாளிக்காவது பேச யூனியன் இருக்கிறது. திருவொற்றியூரில் வாடகை வீட்டில் இருக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு தினக்கூலிதான். அவனுக்கு 16 நாள் என்பது பாதி மாதச் சம்பளம். போனஸ் பேச்சுவார்த்தை மேஜையில் அவனுக்கு நாற்காலியே கிடையாது.