மருந்தும் தலைவிதியும்

ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்துபோனால், "ஆயுசு அவ்வளவுதான், தலையில் எழுதினதை யார் மாற்ற முடியும்?" என்று சொல்லிவிட்டு நம் ஜனங்கள் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகின்றார்கள். எல்லாச் சாவுக்கும் மனிதன்தான் பொறுப்பாளி என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் வியாதியால் வந்த சாவு வேறு. மருந்தால் வந்த சாவு வேறு. இரண்டையும் ஒரே தலைவிதி மூட்டையில் கட்டிப்போட்டால் யாருக்கு லாபம்? தப்புச் செய்தவர்களுக்கும், தப்பு நடப்பதற்குத் தோதாக ஏற்பாடு செய்து வைத்திருக்கின்றவர்களுக்குந்தான் லாபம். செத்தவன் பெண்டு பிள்ளைகளுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்கின்றோம்.

மருந்தால் சாவு வருமா என்று சிலர் ஆச்சரியப்படலாம். தனித்தனியே நல்லதாயிருக்கும் இரண்டு மருந்துகள் ஒரே உடம்பில் சேரும்போது விஷமாவதுண்டு. உதாரணமாக, இருதய வால்வு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் என்ற மாத்திரை சாப்பிடுகின்றார்கள். அவர்களே மூட்டு வலிக்காகக் கடையில் இபுபுரூஃபன் வாங்கிப் போட்டுக்கொண்டால், வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்து வரும். காச நோய்க்குக் கொடுக்கப்படும் ரிஃபாம்பிசின், கர்ப்பத் தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். செஃப்ட்ரையாக்ஸோன் ஊசியையும் கால்சியத்தையும் பச்சிளங் குழந்தையின் ரத்தக் குழாயில் ஏற்றினால், இரண்டும் சேர்ந்து சுண்ணாம்புத் துகள்போல் படிந்து, நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இப்படிக் குழந்தைகள் இறந்தே இருக்கின்றன. பொட்டாசியம் குளோரைடு மருந்தைச் சலைன் நீரில் கலந்து மெதுவாக ஏற்ற வேண்டியதிருக்க, நேரே ரத்தக் குழாயில் செலுத்தினால் இருதயம் நின்றுவிடும். இவற்றில் எந்த இடத்தில் தலையெழுத்து வந்து புகுந்தது?

நிற்க, இம்மருந்துகளை எழுதுகிறவர் டாக்டர். எடுத்துக் கொடுக்கின்றவர் மருந்தாளுநர். நோயாளியின் உடம்பில் செலுத்துகின்றவர் நர்சு. டாக்டர் தவறினால் மருந்தாளுநர் கண்டுபிடிக்கலாம். அவரும் தவறினால் நர்சு கண்டுபிடிக்கலாம். நர்சும் தவறினாலோ, அதற்கப்பால் தடுக்க ஆள் கிடையாது. அதனால்தான் சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்து காரியங்களைப் பார்த்துவிட்டே மருந்து கொடுக்கவேண்டும் என்று நர்சுகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றார்கள். இது நல்ல படிப்புத்தான். ஆனால் ஐந்தும் சரியாயிருந்து, "இந்த உத்தரவே தப்பு" என்று நர்சுக்குத் தோன்றினால் என்ன செய்வது? வாயைத் திறந்து கேட்க அவளுக்கு உரிமை உண்டா, இல்லையா? நாம் பேச வந்த சங்கதி இதுதான்.

நம் நாஞ்சில் நாட்டிற்கு ஆஸ்பத்திரி புதிதல்ல. நெய்யூரில் 1838-லேயே மேல்நாட்டு வைத்தியம் ஆரம்பித்துவிட்டது. ஆசாரிப்பள்ளத்தில் காச நோய் ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் 2001-ல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி வந்தது. நம் ஜில்லாப் பெண்கள் நர்சுப் படிப்புப் படித்து, அரபு நாடுகள் வரையில் போய் உத்தியோகம் பார்க்கின்றார்கள். தோள்சீலை போட்டதற்காக அடிபட்டு, 1859-ல் மேலாடை அணியும் உரிமையைப் போராடிப் பெற்ற பெண்கள் வாழ்ந்த மண் இது. அம்மண்ணின் பேத்திமார், கையில் மருந்தும் தலையில் படிப்பும் இருந்தும், பெரிய டாக்டர் முன்னால் வாய்பொத்தி நிற்கவேண்டும் என்றால், அது என்ன நியாயம்? "சொன்னதைச் செய், கேள்வி கேட்காதே" என்பது மருத்துவ சாஸ்திரமா, மனுதர்ம சாஸ்திரமா?

இது நம் நாட்டுக் குறை மாத்திரமல்ல. 1984 மார்ச் 4-ந் தேதி இரவு, அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் லிபி ஸயன் என்ற 18 வயதுப் பெண் ஜுரத்தோடு சேர்க்கப்பட்டாள். அவள் மனச்சோர்வுக்காகப் பீனெல்சின் என்ற மாத்திரை சாப்பிட்டு வந்தவள். அதனோடு சேரவே கூடாத பெத்திடின் ஊசியை அவளுக்குப் போட்டார்கள். அவள் நிலை தெரியாமல் துள்ளியபோது நர்சுகள் டாக்டரைக் கூப்பிட்டார்கள். பத்துக்கணக்கான நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இளம் டாக்டரோ, நேரில் வராமல், அவளைக் கட்டிப்போடச் சொல்லி வேறொரு மருந்துக்கும் உத்தரவிட்டார். மறுநாள் காலையில் அவள் இறந்துபோனாள். பிற்பாடு கோர்ட்டில் எத்தனையோ வாதப் பிரதிவாதங்கள் நடந்தன. ஆனால் அவள் தகப்பனார் விதியென்று சும்மா இருக்கவில்லை. அவர் செய்த கிளர்ச்சியின் பலனாக, பயிற்சி டாக்டர்களை வாரத்திற்கு 80 மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாதென்று 1989-ல் நியூயார்க் மாகாணத்தில் விதி ஏற்பட்டது.

இங்கே நர்சுகளின் கதி என்ன? பொது ஆஸ்பத்திரி வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்சு, கல்லூரி ஆஸ்பத்திரியில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்சு என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருந்தது. நம் சர்க்கார் வார்டுகளில் ஒரு ராத்திரி போய் எண்ணிப் பார்த்தால் நிலைமை விளங்கும். தமிழ்நாட்டில் 2015-ல் தேர்வெழுதி வந்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் என்றார்கள். சொன்னபடி நிரந்தரமாக்காததால் அவர்கள் 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் திரண்டு உட்கார்ந்து போராடினார்கள். வேலை நிச்சயமில்லாத ஒரு பெண், "இந்த உத்தரவு தப்பு, ஐயா" என்று எந்தத் தைரியத்தில் சொல்லுவாள்? தூக்கமில்லாமல் நாற்பது பேருக்கு ஊசி போடுகின்றவள் எத்தனை சீட்டைத்தான் ஒத்துப்பார்ப்பாள்? தப்பு நடந்தவுடன் அவளை மாத்திரம் சஸ்பெண்டு செய்வது, ஓட்டைப் படகில் அளவுக்கு மிஞ்சி ஆளை ஏற்றிவிட்டுத் துடுப்புப் போட்டவனைத் தண்டிப்பது போன்றதேயாகும்.

இனி நம் ஜனங்களுக்கும் சொல்லவேண்டியதுண்டு. நம் ஜில்லாவில் சித்த வைத்தியருக்கும் வர்ம ஆசானுக்கும் பஞ்சமில்லை. அவர்களிடம் வாங்கிய கஷாயத்தைக் குடித்துக்கொண்டே இங்கிலீஷ் மாத்திரையும் சாப்பிட்டுவிட்டு, டாக்டர் திட்டுவார் என்று மறைத்துவிடுகின்றார்கள். "இலையும் வேரும் கெடுதல் செய்யாது" என்பது மற்றொரு மூடநம்பிக்கை. அதிமதுரத்தை நாள்பட, அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும். உடம்பில் பொட்டாசியம் குறையும். அத்துடன் நீர் பிரியும் மாத்திரையும், இருதயத்திற்கான டிஜாக்ஸினும் சாப்பிடுகின்றவருக்கு நாடித் துடிப்பே தாறுமாறாகும். எந்த வைத்தியம் உயர்ந்தது என்ற சண்டை இங்கே தேவையில்லை. சாப்பிடுவதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லவேண்டும். சொன்னவரைத் திட்டாமல் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும்.

ஆகவே, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை, கஷாயம், லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பேரையும் மருந்தையும் இரண்டு தடவை கேட்கும் நர்சிடம் எரிந்து விழாதீர்கள். கேட்காதவரிடம் நீங்களே கேளுங்கள். மருந்தால் கெடுதல் வந்தால் 1800-180-3024 என்ற இலவச டெலிபோனில் நீங்களும் தெரிவிக்கலாம், நர்சும் தெரிவிக்கலாம். சர்க்காரோ, காலியிடங்களை நிரப்பி, நிரந்தர வேலை கொடுத்து, சந்தேகம் தீரும் வரையில் மருந்தை நிறுத்தி வைக்கும் நர்சை எவரும் தண்டிக்கக்கூடாதென்று எழுத்து மூலமாக உத்தரவிட வேண்டும். இதைச் செய்யும்படி ஒவ்வொரு ஊர்ப் பொதுக்கூட்டத்திலும் தீர்மானம் போட்டு அனுப்புமாறு தோழர்களைக் கேட்டுக்கொள்ளுகின்றோம்.