இடும்பன் எங்கே இறக்கி வைத்தான்?

போன வருஷம் ஆடி மாசம் என் மனைவியின் மூணு பவுன் சங்கிலி இங்கிலீஷ் படிக்கக் கிளம்பிப் போனது. இன்னும் வீடு திரும்பவில்லை.

நான் பி.காம்., சார். நியாயமாகப் பார்த்தால் ஏதாவது ஒரு ஆபீஸில் பேரேடு புரட்டிக் கொண்டிருக்க வேண்டியவன். கிரகம்... பத்தி எழுத வந்துவிட்டேன். எழுதினால் காசு, ஜுரம் வந்தால் காசில்லை. பி.எஃப். கிடையாது, போனஸ் கிடையாது. வயசு முப்பத்தாறு, பையன் ஒண்ணாம் வகுப்பு. பாலசமுத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, "எழுத்தாளர் வீடு எதுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "யாரு... சும்மா இருக்காரே, அவரு வீடுங்களா?" என்று அன்போடு வழிகாட்டுவார்கள்.

இந்த லட்சணத்தில்தான் மச்சினன் ஒரு நாள் போன் பண்ணினான். "மாமா, உங்க இங்கிலீஷுக்கு நீங்க வெளிநாட்டுல வாத்தியாரா இருக்கணும். செல்ட்டான்னு ஒரு கோர்ஸ் இருக்கு, விசாரிச்சுப் பாருங்க."

விசாரித்தேன். செல்ட்டா என்பது கேம்பிரிட்ஜ் கொடுக்கிற சர்டிபிகேட். இங்கிலீஷ் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கப் பழக்குகிற படிப்பு. இதன் மூலவர் ஜான் ஹேகிராஃப்ட் என்கிற வெள்ளைக்காரர். இங்கிலீஷ் பேசத் தெரிந்தவனுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கத் தெரிவதில்லை என்று கண்டுபிடித்து, 1962-ல் லண்டனில் ஒரு குறுகிய காலப் பயிற்சியை ஆரம்பித்தார். அதன் வாரிசுதான் இது. 2020-ல் கொரோனா வந்ததும் முழுக் கோர்ஸையும் கம்ப்யூட்டர் வழியாகவே நடத்தலாம் என்று ஆக்கிவிட்டார்கள். அதாவது, பாலசமுத்திரம் மாடி ரூமில் மேலே சட்டை, கீழே லுங்கி என்று உட்கார்ந்தபடியே கேம்பிரிட்ஜ் சர்டிபிகேட்!

இதில் இரண்டு வகை. முழுநேரம் என்றால் சுமார் நாலு வாரம். பகுதி நேரம் என்றால் மூணு மாசம், அதற்கு மேலும் உண்டு. என் காமர்ஸ் மூளை உடனே கணக்குப் போட்டது. நாலு வாரத்தில் முடித்தால் நகைக்கு வட்டி மிச்சம்!

"உங்களால நாலு நாள் சேர்ந்தாப்புல காலைல ஆறு மணிக்கு எந்திரிக்க முடியுமா?" என்று ஒரே கேள்வி கேட்டாள் சகதர்மிணி. பகுதி நேரத்தில் சேர்ந்தேன்.

கணக்கைப் பாருங்கள். வகுப்பு, பயிற்சி எல்லாம் சேர்த்துக் குறைந்தது 120 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் கண்ணில் படுவது இந்த 120 மட்டும்தான். வீட்டில் படிக்க, எழுத, பாடம் தயாரிக்க இன்னொரு 80 மணி நேரமாவது ஆகும் என்பது அதற்குக் கீழே இருக்கிறது. ஆக 200. முழுநேரக்காரனுக்கு வாரம் 50 மணி. எனக்குப் பன்னிரண்டு வாரம், வாரத்துக்குச் சுமார் 17 மணி. ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டாலும் ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்கூட ஆகாது. பிரமாதம்! பேப்பரில் எல்லா பேலன்ஸ் ஷீட்டும் டாலி ஆகிவிடும், சார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பன்னிரண்டு வாரத்துப் படிப்பை மூணு வாரத்திலேயே முடித்துவிடுகிற மாதிரி பாய்ந்தேன். சொன்ன புத்தகம், சொல்லாத புத்தகம், எல்லா வீடியோவும். ராத்திரி ரெண்டு மணிக்கு விளக்கு எரிவதைப் பார்த்து, "பையன் கலெக்டருக்குப் படிக்கிறான் போல" என்று எதிர்வீட்டுத் தாத்தா அம்மாவிடம் கேட்டாராம். அம்மாவும் இல்லை என்று சொல்லவில்லை.

இந்தக் கோர்ஸின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், ஆறு மணி நேரம் நிஜ மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். பயிற்சியாளர் பார்த்துக்கொண்டே இருப்பார். மொத்தமாக ஆறு மணி இல்லை. நாற்பது நிமிஷம், முக்கால் மணி என்று துண்டு துண்டாக. முக்கால் மணிதானே என்கிறீர்களா? என் முதல் பாடத்துக்குத் திட்டம் எழுத எனக்கு ஒன்பது மணி நேரம் ஆனது. மைக்கை அணைக்கிற நிமிஷம் வரைக்கும் எழுதி வைத்திருந்தேன்.

திரையில் ஐந்து மாணவர்கள். அதில் துருக்கியிலிருந்து ஒரு பாட்டி. தலையில் பூப்போட்ட துணி கட்டி, நோட்டும் பென்சிலுமாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பாடம், 'நான் பார்த்திருக்கிறேன், நான் பார்த்ததில்லை' என்கிற அந்தப் பாழாய்ப்போன காலம். படித்தது அத்தனையையும் கொட்டினேன். விதி, விதிவிலக்கு, விதிவிலக்குக்கு விலக்கு! பாட்டி முதலில் எழுதினார். பிறகு எழுதுவதை நிறுத்தினார். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பயிற்சியாளர் சாந்தமாகச் சொன்னார்: "நாற்பது நிமிடப் பாடத்தில் முப்பத்திரண்டு நிமிடம் நீங்கள் பேசினீர்கள். நன்றாகத்தான் பேசுகிறீர்கள். அவர்கள் எப்போது பேசுவார்கள்?"

அவமானம். அவமானத்துக்கு நான் கண்ட மருந்து, இன்னும் அதிகமாகப் படிப்பது! நாலாவது வாரம் ஜுரம் வந்தது. பத்தி அனுப்பவில்லை, அந்த வாரக் காசு போச்சு. எழுதிக் கொடுத்த அசைன்மென்ட் திரும்பி வந்தது. ஜுரத்தோடு எடுத்த பாடம் 'தரத்துக்கு எட்டவில்லை' என்றார்கள். மகன் மாடிக்கு வந்து, "அப்பா, நீங்க ஃபெயிலா?" என்று கேட்டான். கேட்டதோடு விடவில்லை. "பரவால்லப்பா, எங்க மிஸ் அடிக்க மாட்டாங்க" என்று ஆறுதல் வேறு.

விட்டுவிடலாம் என்றே முடிவு செய்தேன். சங்கிலியை நினைத்தால் விட முடியவில்லை. புத்தகத்தைப் பார்த்தால் தொட முடியவில்லை.

அந்தக் கிருத்திகைக்கு அம்மா, "மலைக்கு வர்றியா?" என்றாள். பழனியில் மலையேறப் படி இருக்கிறது. 693 படி என்பார்கள். யானைப் பாதை இருக்கிறது. 1966-லிருந்து விஞ்ச் ஓடுகிறது, 2004-ல் ரோப் காரும் வந்துவிட்டது. அறுபத்தெட்டு வயசு அம்மாவுக்குப் படிதான். நான் வழக்கம்போல முதல் நூறு படியை விறுவிறுவென்று ஏறினேன். அதற்குப் பிறகு ஒரு திண்ணையைக் கட்டிப்பிடித்துக் கொண்டேன். அம்மா பின்னால் வந்தாள், தாண்டினாள், போய்க்கொண்டே இருந்தாள். வழியில் இடும்பன் சந்நிதியில்தான் அவளைப் பிடித்தேன். நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக் கொண்டிருந்தாள்.

"களைச்சுட்டியாம்மா?"

"இல்லியே. களைக்குறதுக்கு முன்னாடி உக்காந்துட்டேன்."

இடும்பன் கதை உங்களுக்குத் தெரியும். சிவகிரி, சக்திகிரி என்று இரண்டு மலையைக் காவடியாகக் கட்டித் தோளில் சுமந்து வந்தவன். இந்த இடத்துக்கு வந்ததும் களைத்துப் போய் இறக்கி வைத்தான். மறுபடி தூக்கப் பார்த்தான், மலை அசையவில்லை. மேலே முருகன் நின்று கொண்டிருந்தான். ஒரு ஆள் சுமையை இறக்கி வைத்ததால் உண்டான ஊர் சார், எங்கள் பழனி!

"பாத்தியாம்மா, எறக்கி வெச்சா அப்புறம் தூக்க முடியாது. அதான் நான் எறக்கவே இல்ல" என்றேன், பெரிய தத்துவம் மாதிரி.

அம்மா வெற்றிலையை ஒதுக்கிக் கொண்டாள். "போடா. எறக்குனது தப்பில்ல. தோள் ஓஞ்சு போறவரைக்கும் எறக்காம வந்தான் பாரு, அதான் தப்பு. நடுவுல நாலு எடத்துல எறக்கி எறக்கித் தூக்கியிருந்தா ஒடம்புல தெம்பு இருந்திருக்குமில்ல?"

புராணத்தில் இப்படி ஒரு உரை கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் தேடியும் கிடைக்காதது அதுதான்.

மறுநாளே கணக்கை மாற்றி எழுதினேன். விடியற்காலை ஐந்திலிருந்து ஏழு வரைக்கும் படிப்பு. ஏழு அடித்தால் பாதி வாக்கியமாக இருந்தாலும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். ஒரு பாடத்திட்டத்துக்கு மூணு மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது. அசைன்மென்ட் மொத்தம் நாலு. திரும்பி வந்தால் ஒவ்வொன்றையும் ஒரு தடவை திருத்திக் கொடுக்க அவர்களே இடம் வைத்திருக்கிறார்கள். அப்புறம் எதற்கு முதல் தடவையே காவியம் படைக்க வேண்டும்? அனுபவப்பட்ட ஆசிரியர்கள் பாடம் எடுப்பதை ஆறு மணி நேரம் பார்க்க வேண்டும் என்பதும் கோர்ஸில் உண்டு. அதைக் கடைசியில் பார்த்துக் கொள்ளலாம் என்று ஒதுக்கியிருந்தேன். தப்பு. பாடம் எடுக்காத நாளில் அதைப் பார்த்தால் அதுதான் திண்ணை. உட்கார்ந்தபடியே தொழில் கற்கலாம். ஞாயிற்றுக்கிழமை புத்தகத்துக்கு லீவு. மகனோடு அணைக்கட்டுப் பக்கம் நடை.

இலக்கணத்தை மட்டும் கோர்ஸ் தொடங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும். இந்த ஒரு புத்தி எனக்கு லேட்டாகத்தான் வந்தது. நீங்கள் சேருவதானால் ஒரு மாசம் முன்னாடியே தினம் அரை மணி ஒதுக்குங்கள். ஓடுகிற பஸ்ஸில் ஏறிக்கொண்டே செருப்பு மாட்ட முடியாது.

இப்படி என் வேகத்தைக் குறைத்தபோதுதான் ஒன்று புரிந்தது. தன் வேகம் தெரியாதவனுக்கு வகுப்பின் வேகமும் தெரியாது. ராத்திரி ரெண்டு மணி வரை நான் என் தலையில் திணித்ததைத்தான், நாற்பது நிமிஷத்தில் அந்தப் பாட்டி தலையில் திணித்திருக்கிறேன். இரண்டும் ஒரே வியாதி.

எங்கள் தாத்தா ஆரம்பப் பள்ளி வாத்தியார். 1959 வாக்கில் நம் மாகாணத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. இங்கிலீஷ் ஆரம்பப் பாடம் நடத்துகிற 27,000 வாத்தியார்களுக்குப் புது முறையில் பயிற்சி தரத் திட்டம் போட்டார்கள். முதலில் கொஞ்சம் பேருக்குக் கற்றுக்கொடுத்து, அவர்கள் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க, உருட்ட உருட்டப் பெரிசாகும் என்று 'மெட்ராஸ் ஸ்நோபால்' என்று பேர் வைத்தார்கள். பனியே பெய்யாத மெட்ராஸில் பனிப்பந்து! அதில் உருண்டவர் தாத்தா. "ஒரு நாளைக்கு அஞ்சு வார்த்தை. அதையும் பசங்க வாயில இருந்து வரவழைக்கணும், உன் வாயில இருந்து இல்ல" என்பார். பேரன் மூணு பவுனை அடகு வைத்துக் கற்றது இதைத்தான்.

பத்தாவது வாரம். அதே பாட்டி, அதே பாழாய்ப்போன காலம். இந்தத் தடவை நான் கேட்டது ஒரே கேள்வி. "ரொம்ப நாளாக நீங்கள் செய்யாத ஒன்று என்ன?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது, எங்கள் ஊர்க்காரர்களுக்கும் சொல்லலாம். ஐந்து விநாடி... பத்து விநாடி... பாட்டி பென்சிலை எடுத்தார், வைத்தார். பிறகு வார்த்தை வார்த்தையாக, இங்கிலீஷில்:

"என் மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். நாலு வருஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை."

இலக்கணம் சுத்தம். யாரும் பேசவில்லை. நானும் விதி எதையும் விளக்கவில்லை.

பாஸ் செய்துவிட்டேன். 'ஏ' கிடையாது, 'பி' கிடையாது, வெறும் பாஸ். அசைன்மென்ட்டில் இரண்டு திரும்பி வந்து தேறியவை. போதும்.

பணம் கட்டுமுன் ஒரு வார்த்தை. போக நினைக்கிற நாட்டின் விசா விதியை முதலில் பாருங்கள், கோர்ஸ் விளம்பரத்தை அப்புறம் பாருங்கள். உதாரணத்துக்கு, தென் கொரியாவில் இங்கிலீஷ் பேச்சு வாத்தியார் விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன் மாதிரி ஏழு நாட்டு பாஸ்போர்ட்காரர்களுக்குத்தான். உங்கள் இங்கிலீஷ் எத்தனை சுத்தமாக இருந்தாலும் பாஸ்போர்ட்டின் நிறம் மாறாது. வேறு சில நாடுகளில் டிகிரியும் சர்டிபிகேட்டும் இருந்தால் கதவு திறக்கிறது. அப்படிப்பட்ட இரண்டு நாடுகளுக்கு நானும் மனுப் போட்டிருக்கிறேன். அதுவரை மாடி ரூமிலிருந்தே சாயங்காலம் சில பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கொஞ்சம் காசு வருகிறது.

போன வாரம் இந்த இடும்பன் தத்துவத்தையெல்லாம் மனைவியிடம் விளக்கிக் கொண்டிருந்தேன். எப்போது இறக்க வேண்டும், ஏன் இறக்க வேண்டும், இறக்காவிட்டால் என்ன ஆகும்... பொறுமையாகக் கேட்டாள். நான் முப்பத்திரண்டு நிமிஷம் பேசியிருப்பேன்.

முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எல்லாஞ் சரிங்க. பேங்க்ல எறக்கி வெச்சீங்களே, அதை எப்பத் தூக்கப் போறீங்க?"