தோழமை தந்த மீட்சி

எதிர்பாராது கருவுற்ற பெண்ணொருத்தியைத் திரையிலே காணும்போது, அவள் கதை எங்கே போய் முடியும் என்பதை நாம் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றோம். கைவிட்டவன் மனந்திரும்பி வந்து தாலி கட்டவேண்டும். அன்றேல் அவள் கிணற்றிலோ கடலிலோ வீழ்ந்து மடியவேண்டும். ஒன்றில் திருமணம், ஒன்றில் மரணம். இவ்விரண்டையும் தவிர மூன்றாவது மீட்சியொன்று உண்டென்று நம்முட் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. அதனை எண்ணிப் பார்க்கச் செய்த படமொன்றைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றேன். 1961 ஆம் ஆண்டில் ரொனி றிச்சார்ட்சன் நெறிப்படுத்தி வெளியிட்ட 'எ ரேஸ்ற் ஒவ் ஹனி' என்னும் ஆங்கிலப் படமே அது. தேனின் சிறு சுவை என்று அப்பெயரைத் தமிழிற் கூறலாம்.

இப்படத்தின் மூலம் ஒரு நாடகம். இங்கிலாந்தின் வடபாலுள்ள சல்போர்ட் என்னும் தொழில் நகரிற் பிறந்த ஷீலா டிலேனி என்ற இளநங்கை அதனை எழுதினார். 1958 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜோன் லிற்றில்வூட் அம்மையாரின் நெறியாள்கையில் அது இலண்டனில் மேடையேறியபோது, ஆசிரியருக்கு வயது 19 மாத்திரமே. திரைக்கதையை அவரும் றிச்சார்ட்சனும் சேர்ந்து அமைத்தனர். 1962 ஆம் ஆண்டில் கான் திரைப்பட விழாவிலே நடிகைக்குரிய பரிசு றீற்றா ருஷிங்காமுக்கும், நடிகருக்குரிய பரிசு முறே மெல்வினுக்கும் கிடைத்தன. ருஷிங்காமுக்கு அதுவே முதற்படம்.

கதை மிக எளிது. ஜோ பள்ளிப் பருவத்துப் பெண். அவளுடைய தாய் ஹெலன் குடியிலும் ஆடவர் உறவிலும் காலங் கழிப்பவள். வாடகை கொடாது வீடு விட்டு வீடு மாறுபவள். பீற்றர் என்பவனை மணக்கும் ஆசையில் மகளை அவள் தனியே விட்டுச் செல்கிறாள். அந்தத் தனிமையில், கப்பலிற் சமையல் வேலை பார்க்கும் ஜிமி என்ற கறுப்பின இளைஞனின் அன்பு ஜோவுக்குக் கிட்டுகிறது. கப்பல் புறப்படுகிறது, அவனும் போய்விடுகிறான். சப்பாத்துக் கடையொன்றில் வேலை செய்து, பாழடைந்த பெரிய அறையொன்றில் தனியே குடியிருக்கும் ஜோ, தான் கருவுற்றிருப்பதை அறிகிறாள். இவ்வேளையிலே வந்து சேர்பவன்தான் ஜெப்ரி.

ஜெப்ரி துணிகளுக்குச் சித்திர வடிவமைக்கப் பயிலும் மாணவன். தன்பாலினத்தாரை நாடும் இயல்பினன் என்பதனால் வாடகை வீட்டிலிருந்து துரத்தப்பட்டவன். அக்காலத்து இங்கிலாந்தில் ஆடவரிடை அத்தகைய உறவு சட்டப்படி குற்றமாகும். 1967 ஆம் ஆண்டிலேதான் அந்நாட்டுச் சட்டம் மாறியது. ஆகவே இவ்வறையில் ஒன்றுசேரும் இருவருமே உலகத்தாற் புறந்தள்ளப்பட்டவர்கள். அவன் அறையைக் கூட்டித் துப்புரவாக்குகிறான், சமைக்கிறான், பிறக்கப்போகும் குழந்தைக்கு உடை தைக்கிறான், தாய்மார் சிகிச்சை நிலையத்துக்குச் சென்று குழந்தை பராமரிக்கும் முறைகளைக் கேட்டறிந்து வருகிறான். அவளை மணந்துகொள்ளவும் முன்வருகிறான், அவள் மறுக்கிறாள். மறுத்த பின்னரும் அவன் போகவில்லை. கைம்மாறு எதுவுமின்றி நிற்கும் அந்த நிலையைத்தான் நான் தோழமை என்பேன்.

ஒரு காட்சியைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. குழந்தையைத் தூக்கிப் பழகுவதற்கென்று ஜெப்ரி ஒரு பொம்மையைக் கொண்டுவந்து கொடுக்கிறான். ஜோ சீறி வெடிக்கிறாள். பொம்மையின் நிறம் பிழை என்கிறாள். தாயாகவே தனக்கு விருப்பமில்லை என்கிறாள். தாய்மை என்றதும் பெண்ணின் முகத்தில் ஒளி வீசவேண்டும் என்று எதிர்பார்ப்போருக்கு இக்காட்சி கசக்கும். ஆனால் தாயன்பையே அறியாது வளர்ந்தவள், தாயாவதற்கு அஞ்சாமல் வேறென்ன செய்வாள்? ஜெப்ரி அவளுக்கு உபதேசம் செய்வதில்லை. கோபம் தணியும்வரை பக்கத்தில் இருக்கிறான். அந்த இருப்பே அவளை மெல்ல மெல்லத் தேற்றுகிறது.

இப்படத்தை வறுமையின் சித்திரமாகவே விமர்சகர் பலர் கொண்டாடினர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஸ்ரூடியோவிற் புனைந்த காட்சிகளை விடுத்து, சல்போர்ட்டின் உண்மையான தெருக்களையும் கால்வாய்க் கரைகளையும் வோல்ற்றர் லசலியின் கமரா காட்டுகிறது. எனினும் வறுமை இப்படத்தின் களமேயன்றிப் பொருளன்று என்பது என் துணிபு. ஒருவர் துயருற்றபோது யார் அருகே நிற்கிறார்கள், நிற்பவர்க்கு நாம் என்ன உரிமை அளிக்கிறோம் என்பதே பொருள்.

இறுதிப் பகுதி இதனைத் தெளிவாக்குகிறது. பீற்றரால் துரத்தப்பட்ட ஹெலன் மகளிடம் வந்து சேர்கிறாள். வந்ததும் அவ்வீடு அவளுடையதாகிறது. பெற்றவள் என்ற ஒரு சொல் அவளுக்குப் போதும். அத்தனை மாதம் சமைத்தும் தைத்தும் காத்தவனுக்கோ சொல்லிக்கொள்ள ஓர் உறவுப் பெயர் இல்லை. அவன் சண்டையிடாமல் வெளியேறுகிறான். வெளியே சிறுவர்கள் தீமூட்டிக் களிக்கும் இரவு. அவனைத் தேடி வந்த ஜோ, சிறுவனொருவன் கொடுத்த மத்தாப்பைப் பிடித்தபடி நிற்கிறாள். குழந்தை பிறக்குமுன்பே படம் முடிந்துவிடுகிறது.

தாயின் மனமாற்றமே இப்படத்தின் மீட்சி என்று கூறுவோர் உளர். எனக்கு அது உடன்பாடன்று. திரும்பி வருதல் வேறு. திருந்தி வருதல் வேறு. ஹெலன் போக்கிடமின்றி வந்தவள். டோறா பிறையன் தமது நடிப்பினால் அவளை நாம் முற்றாக வெறுக்க முடியாதபடி செய்துவிடுகிறார் என்பது மெய்யே. ஆயினும் ஜோவின் மீட்சி அவள் வருமுன்பே நிகழ்ந்துவிட்டது. தானும் பிறரால் பேணப்படத் தக்கவள் என்பதை ஜோ ஜெப்ரியிடமே கற்றாள். இனி அவள் தன் குழந்தைக்கு எதையேனும் கொடுப்பாளாயின், அது அவனிடம் பெற்றதாகவே இருக்கும்.

குறைகளும் உள. ஜிமியின் உள்ளத்தைப் படம் போதிய அளவு திறந்து காட்டவில்லை. கப்பலோடு அவனையும் மறந்துவிடுகிறது. ஜெப்ரியின் பொறுமையும் சிலவிடங்களில் அளவு கடந்ததாகத் தோன்றும். ஆனால் இவை, படம் எழுப்பும் வினாவை மழுங்கச் செய்வனவல்ல.

அவ்வினா சல்போர்ட்டோடு நின்றுவிடுவதன்று. ஆசிரியராயினும் அயலவராயினும், இத்தகைய நிலையில் ஓர் இளம்பெண்ணைக் காணும்போது, 'யார் காரணம்?' என்பதே நம் வாயில் முதலில் எழும் கேள்வி. ஜெப்ரியும் அதைக் கேட்கிறான். ஆனால் அத்தோடு நின்றுவிடாமல் துடைப்பத்தையும் கையில் எடுக்கிறான். அவளுக்கு இன்று உணவு உண்டா, உறங்க இடம் உண்டா, பேச ஆள் உண்டா என்று கேட்பவர் நம்மிடையே எத்தனை பேர்? அப்படிக் கேட்க ஒருவர் வந்தால், அவரது பெயருக்குக் களங்கம் கற்பிக்காமல் அவரை அங்கே இருக்கவிடும் பண்பாவது நமக்கு வேண்டாமா?