பி.பி. கிங் வாசித்தது யாருடைய பாட்டு?

நம் சபையில் கிட்டாரும் கீபோர்டும் டிரம்ஸும் வாசிக்கிற பிள்ளைகள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிறார்கள். ஞாயிறு ஆராதனையில் அவர்கள் வாசிக்கும்போது பெற்றோரின் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவு பூரிப்பு. அதே பிள்ளை, "சனிக்கிழமை ராத்திரி ஸ்கூல் நண்பர்களோடு ஒரு காபிக் கடையில் வாசிக்கப் போகிறேன், கொஞ்சம் பணமும் தருவார்கள்" என்று சொன்னால் போதும், அன்று அந்த வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. "தேவனுக்குக் கொடுத்த விரலால் உலகப் பாட்டை வாசிப்பாயா?" என்று அம்மா கேட்பார். அப்பா எதுவும் கேட்க மாட்டார். அது இன்னும் மோசம்.

இந்தக் கேள்வி நம்மோடு தொடங்கியதில்லை. நாம் குடியேறியிருக்கிற இந்த நாட்டில், நம் தாத்தாமார் காலத்திலேயே கறுப்பின விசுவாசிகளின் வீடுகளில் இதே கேள்வியைக் கேட்டார்கள். அங்கே அதற்குப் பெயர் "பிசாசின் இசை". அவர்கள் அப்படிச் சொன்னது ப்ளூஸை. அந்த ப்ளூஸையே எழுபது வருஷத்துக்கு மேலாக வாசித்துப் பிழைத்த ஒரு மனிதரைப் பற்றி நம் வாலிபரும், முக்கியமாக அவர்களுடைய பெற்றோரும் தெரிந்துகொண்டால் நல்லது என்று நினைக்கிறேன்.

ரைலி பி. கிங் 1925 செப்டம்பர் 16இல் மிசிசிப்பி மாநிலத்தில் இட்டா பீனா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பருத்தித் தோட்டத்தில் பிறந்தார். குத்தகைக் கூலிக் குடும்பம். அப்பாவும் அம்மாவும் சின்ன வயதிலேயே பிரிந்துவிட்டார்கள். பத்து வயது ஆகும் முன்னும் பின்னுமாக அம்மாவையும் சாவுக்குக் கொடுத்தார். அந்தப் பையன் முதன்முதலாக மின்சார கிட்டாரைப் பார்த்து மயங்கிய இடம் எது தெரியுமா? மதுக்கடை இல்லை, ஆலயம். 'சர்ச் ஆஃப் காட் இன் க்ரைஸ்ட்' என்ற பெந்தெகொஸ்தே சபையின் போதகர் ஆர்ச்சி ஃபேர், கிட்டார் வாசித்துக்கொண்டே ஆராதனை நடத்துவார். உறவு வழியில் வீட்டுக்கு வரும்போது, பையனுக்கு இரண்டு மூன்று கார்டுகளைச் சொல்லிக்கொடுத்தார். ப்ளூஸுக்கும் அதே மூன்று கார்டுதான் அடிப்படை. பன்னிரண்டு தாளக்கட்டுக்குள் அந்த மூன்றும் சுற்றிச் சுற்றி வரும். போதகர் சொல்லிக்கொடுத்தது எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள்.

வளர்ந்தபின் இண்டியனோலா என்ற ஊரில் டிராக்டர் ஓட்டினார். நண்பர்களோடு ஒரு நற்செய்திப் பாடல் குழுவிலும் பாடினார். ஆலயம் ஆலயமாகப் போனார்கள், வானொலியிலும் பாடினார்கள். சனிக்கிழமைகளில் கிட்டாரை எடுத்துக்கொண்டு தெருமுனையில் உட்காருவார். அந்த முனையில் சந்திக்கிற தெருக்களில் ஒன்றின் பெயர் சர்ச் ஸ்ட்ரீட் என்பது தனி வேடிக்கை. அங்கே நடந்ததை அவரே பிற்காலத்தில் பல தடவை சொல்லியிருக்கிறார். யாராவது ஒரு நற்செய்திப் பாடலைக் கேட்பார்கள். பாடி முடித்தால் தலையில் தட்டிக்கொடுத்து, நன்றாக வருவாய் தம்பி என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள். ப்ளூஸ் கேட்டவர்களோ காசு போட்டுவிட்டுப் போவார்கள். அதனால்தான் நான் ப்ளூஸ்காரன் ஆனேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

இதைப் படித்ததும் "பார்த்தீர்களா, பண ஆசை" என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. தட்டிக்கொடுத்தவர்கள் நாம். அந்தப் பையனுக்குப் பசிக்குமே என்று யோசித்துச் சட்டைப்பையில் கைவிட்டவர்கள் வேறு ஆட்கள். இன்றும் நம் கல்யாண ஆராதனையில், கிறிஸ்மஸ் கீதத்தில், கன்வென்ஷனில் ஒரு பிள்ளை மூன்று மணி நேரம் வாசிப்பான். ஸ்பீக்கரைத் தூக்கிக் காரில் ஏற்றுவதும் அவனேதான். "கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பார் தம்பி" என்று ஒரு பிரியாணிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்புகிறோம். புகைப்படக்காரருக்கு மட்டும் பேசியபடி ஆயிரக்கணக்கில். வேலையாளுக்குக் கூலி உண்டு என்று லூக்கா 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே சொன்னதை நாம் போதகருக்கும் சமையல்காரருக்கும் மட்டும் வைத்துக்கொண்டோம் போலிருக்கிறது.

1946இல் ஒருநாள் வேலை முடிந்து டிராக்டரை நிறுத்தினார். இஞ்சின் ஓடி அடங்குவதற்குள் வண்டி முன்னால் பாய்ந்து, கொட்டகையில் இடித்துப் புகைக்குழாய் உடைந்துவிட்டது. முதலாளிக்குப் பயந்து, கையில் கிட்டாரும் பையில் இரண்டரை டாலருமாக மெம்ஃபிஸ் நகரத்துக்கு ஓடிப்போனார். அங்கே அம்மா வழிச் சகோதரர் முறையான புக்கா வைட் இருந்தார். அவரும் பெயர்பெற்ற ப்ளூஸ் பாடகர். சில மாதம் அவரோடு தங்கியபின் ரைலி செய்த காரியம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஊருக்குத் திரும்பி வந்து, அதே முதலாளியிடம் வேலை செய்து, டிராக்டர் கடனை அடைத்தார். அதன் பிறகே 1948இல் மறுபடியும் மெம்ஃபிஸுக்குப் புறப்பட்டார்.

புக்கா வைட் கம்பியின்மேல் உலோகக் குழாயை வைத்து வழுக்கி வாசிக்கிறவர். அந்த ஒலி ரைலிக்கு அவ்வளவு பிடிக்கும், ஆனால் அந்த வித்தை அவர் விரலுக்கு வரவேயில்லை. வராததை வேறு வழியில் கொண்டுவரப் பார்த்தார். இடது கை விரலைக் கம்பியில் அழுத்தி அப்படியே நடுங்கவிட்டார். வீணைக் கச்சேரி கேட்டு வளர்ந்த நம் பெரியவர்களிடம் அதைப் போட்டுக் காட்டுங்கள். "இது கமகம் மாதிரி இருக்கிறதே" என்பார்கள். ஒரு சுரத்தில் போய் நிற்காமல், அதை நோக்கி இழுத்து, அசைத்து, அழவைப்பது. அவருக்குக் கார்டு வாசிப்பு கடைசிவரை சரியாக வரவில்லை, பாடிக்கொண்டே வாசிக்கவும் வராது. ஆகவே ஒரு வரி பாடுவார், நிறுத்துவார், கிட்டார் பதில் சொல்லும். பிரசங்கியார் ஒரு வார்த்தை சொல்ல, சபை ஆமென் சொல்வதுபோல. லோனி ஜான்சன், பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன், டி-போன் வாக்கர், ஜாஸ் வாசித்த சார்லி கிறிஸ்டியன், ஐரோப்பாவின் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்று அவர் கேட்டுக் கற்றவர்களின் பட்டியல் நீளம். ஆனாலும் அந்தக் கேள்வி-பதில் மட்டும் ஆலயத்திலிருந்து வந்தது என்றே என் காதுக்குப் படுகிறது.

மெம்ஃபிஸில் டபிள்யு.டி.ஐ.ஏ. வானொலியில் ஒரு டானிக் விளம்பரத்துக்குப் பாடி, அங்கேயே அறிவிப்பாளரும் ஆனார். 'பீல் ஸ்ட்ரீட் ப்ளூஸ் பாய்' என்று கூப்பிட்டார்கள். அது சுருங்கி பி.பி. ஆயிற்று. 1949 குளிர்காலத்தில் ஆர்கன்சாவில் ட்விஸ்ட் என்ற சிற்றூரில் வாசித்துக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் சண்டையிட்டு, நடுவில் எரிந்துகொண்டிருந்த மண்ணெண்ணெய்ப் பீப்பாயைக் கவிழ்த்துவிட்டார்கள். கூடம் முழுக்கத் தீ. வெளியே ஓடிவந்தவர் கிட்டாருக்காகத் திரும்பவும் உள்ளே போனார். சண்டை லூசில் என்ற பெண்ணுக்காக என்று மறுநாள் தெரிந்ததும், கிட்டாருக்கு லூசில் என்று பெயர் வைத்தார், இனிமேல் இப்படி முட்டாள்தனம் செய்யக்கூடாது என்று தனக்கே நினைவூட்ட. அதன் பிறகு அவர் வாசித்த கிட்டார் எல்லாம் லூசில்தான்.

1956இல் மட்டும் அவர் 342 நிகழ்ச்சிகள் வாசித்தார். வருஷத்துக்கு 365 நாள்தானே? அந்தக் காலத்துத் தென் மாநிலங்களில் கறுப்பினக் கலைஞருக்கு நல்ல ஹோட்டலில் அறை கிடையாது, வழியில் பல கடைகளில் உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது. பேருந்தில் தூங்கி, அடுத்த ஊரில் இறங்கி, கசங்காத கோட்டு சூட்டோடு மேடை ஏற வேண்டும். வங்கியில் கடன் கேட்கப் போகிறவனைப் போல உடுத்திக்கொண்டு மேடைக்குப் போ என்பது புக்கா வைட் சொன்ன புத்தி. அதை அவர் கடைசிவரை விடவில்லை. நம் ஆராதனைக் குழுவின் கிழிந்த ஜீன்ஸைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

இந்த இடத்தில் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வாழ்க்கையைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். இரண்டு தடவை கல்யாணம் செய்தார், இரண்டும் முறிந்தன. வருஷத்தில் முக்கால்வாசி நாள் ரோட்டில் இருக்கிறவனோடு எந்த மனைவி எத்தனை காலம் தாக்குப்பிடிப்பாள்? பல பெண்களிடத்தில் பிறந்த பிள்ளைகளை அவர் ஏற்றுக்கொண்டார், செலவுக்கும் கொடுத்தார். கூட இருந்து வளர்க்கவில்லை. மேடைமேல் இருந்த அந்த ஆசைக்கு வீட்டார் கொடுத்த விலை அது. அதை நான் மூடி மறைக்க மாட்டேன். ஆனால் குற்றத்தை ப்ளூஸின் தலையில் கட்டவும் மாட்டேன். வருஷத்தில் பாதி நாள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பிரசங்கித்துவிட்டு, பிள்ளை எந்த வகுப்பு படிக்கிறான் என்று தெரியாத ஊழியக்காரர்களையும் நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் பாடியது ஞானப்பாட்டுதான்.

பாட்டு எந்தப் பக்கம் என்று கோடு போடுவது நாம் நினைக்கிற அளவுக்குச் சுலபமில்லை. தாமஸ் டோர்சி என்பவர் 1920களில் 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் ப்ளூஸ் பியானோ வாசித்தவர். சில பாட்டுகள் சபைப் பத்திரிகையில் சொல்லத் தகாதவை. 1932இல் அவர் ஒரு எழுப்புதல் கூட்டத்துக்காக வெளியூர் போயிருந்தபோது மனைவி நெட்டி பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. அந்தத் துக்கத்தில் பிறந்ததுதான் 'டேக் மை ஹேண்ட், ப்ரெஷஸ் லார்ட்'. பழைய கீதம் ஒன்றின் மெட்டு, அதற்குள் ப்ளூஸின் இழுப்பு. அவருடைய இந்தப் புதிய முறைப் பாடல்களை ஆரம்பத்தில் பல சபைகள் வாசலிலேயே நிறுத்தின. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கின் அடக்க ஆராதனையில் மஹாலியா ஜாக்சன் பாடியது அந்தப் பாட்டைத்தான். நம் வீட்டுக் கதையும் வேறில்லை. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் குறவஞ்சியை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். கோயிலிலும் அரண்மனையிலும் ஆடிப் பாடிய வடிவம் அது. இன்று கீர்த்தனை பாடும்போது யாருக்கும் அந்த நினைவே வருவதில்லை.

தாவீது சவுலின் அரண்மனையில் சுரமண்டலம் வாசித்ததையும் யோசித்துப் பாருங்கள். 1 சாமுவேல் 16. அது ஆராதனை நேரம் இல்லை. மனம் கலங்கிய ஒரு மனிதனுக்கு ஆறுதல் கிடைக்கவேண்டும் என்று ஆள் அனுப்பித் தேடிக் கொண்டுவந்த வாத்தியக்காரன் அவன். 1970 செப்டம்பர் 10இல் பி.பி. கிங் சிகாகோவில் குக் கவுண்டி சிறையில் வாசித்தபோது அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர்கள். வழக்கு விசாரணைக்கு வராமலே அங்கே கிடந்தவர்களும் உண்டு. அதன்பின் பல சிறைகளுக்குப் போய் வாசித்தார். சிறையில் இருந்தேன், என்னைப் பார்க்க வந்தீர்கள் என்று ஆண்டவர் சொல்லப்போகிற கூட்டத்தில் யார் யார் நிற்பார்கள் என்பது நம் கையில் இல்லையே.

இன்னொன்றும் என் மனதை உறுத்துகிறது. இன்று நம் ஆராதனையில் பாடுகிற பாட்டெல்லாம் ஜெயம், மகிமை, துள்ளல். விசா நிராகரிக்கப்பட்ட வாரத்திலும், வேலை போன வாரத்திலும், ஊரில் அப்பா இறந்து போக முடியாமல் போனில் அடக்கத்தைப் பார்த்த வாரத்திலும் கைதட்டித்தான் பாட வேண்டியிருக்கிறது. 88ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். அது இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு அல்லேலூயாகூட இல்லை. அதை யாராவது மெட்டமைத்து நம் சபையில் பாடினார்களா? துக்கத்தைத் துக்கமாகவே பாட ஒரு இடம் வேண்டும். நம் பிள்ளைகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதை வெளியே தேடுகிறார்கள் என்றால், உள்ளே நாம் வைக்கவில்லை என்று அர்த்தம்.

பெற்றோரிடம் என் வேண்டுகோள் இதுதான். பிள்ளை வாசிக்கப் போகிறேன் என்றால், "உலகப் பாட்டா?" என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவாய், பேசின பணத்தை ஒழுங்காகக் கொடுப்பார்களா, அந்தப் பாட்டில் என்ன சொல்கிறாய் என்று கேளுங்கள். முடிந்தால் போய்ப் பின் வரிசையில் உட்காருங்கள். 1967இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கில், முன்பின் பார்த்திராத வெள்ளை இளைஞர் கூட்டம், அவர் ஒரு சுரம் வாசிப்பதற்கு முன்பே எழுந்து நின்று கைதட்டியது. நாற்பது வயதைத் தாண்டிய பி.பி. கிங் மேடையிலேயே அழுதுவிட்டார். அவ்வளவு காலம் வாசித்தவருக்கே அது தேவைப்பட்டதென்றால், பதினேழு வயதுப் பிள்ளைக்கு அப்பாவின் முகம் அங்கே தெரிவது சின்ன விஷயமா?

நீரிழிவோடு, நாற்காலியில் உட்கார்ந்தபடி, 2014 அக்டோபர் வரை அவர் மேடையில் இருந்தார். 2015 மே 14இல் இறந்தார், வயது 89. அடக்க ஆராதனை இண்டியனோலாவில் ஒரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் நடந்தது.

அடுத்த மாத வாலிபர் கூடுகையில் 'லைவ் அட் தி ரீகல்' இசைத்தட்டைப் போட்டுக் கேட்கலாம் என்று இருக்கிறோம். 1964 நவம்பரில் சிகாகோவில் பதிவானது. முக்கால் மணி நேரம்கூட ஆகாது. 88ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டு அதைக் கேட்போம். கிட்டார் வாசிக்கிறவர்கள் கொண்டுவாருங்கள். அப்பா அம்மாமாரும் வரலாம். டீயும் சுண்டலும் உண்டு.