திங்களும் தினமும்

"இட்லி மாவு பீரோவுல இருக்கு, எடுத்து வெளியில வைங்க" என்று போன வருஷம் ஒரு காலையில் என் கணவரிடம் சொன்னேன். அவர் படுக்கையறைக்குப் போய் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தார். சொன்னதைச் செய்துவிட்டுப் பிறகு யோசிக்கும் ரகம் அவர். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மாலையில் பேத்தியிடம் "சீப்பை எடுத்துக் கதவைப் பூட்டு" என்றேன். அப்போதும் சிரிப்பு. இரவு படுத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு நாலு வருஷமாக ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். முடக்குவாதம் என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். பழைய ஆட்கள் சரவாங்கி என்பார்கள். வயதானால் வருகிற முழங்கால் தேய்மானம் வேறு, இது வேறு. நம் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் நம் மூட்டின் உள்சவ்வையே தாக்குவது இது. விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கும். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கையை மடக்க முடியாது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. இதையெல்லாம் டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். வார்த்தை மாறிப்போகும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நானும் இரண்டு வருஷம் கேட்கவில்லை.

அது மறதி மாதிரி இல்லை. கண்ணெதிரே பொருள் இருக்கிறது, மனதில் அதன் உருவமும் இருக்கிறது, வாயில் மட்டும் பக்கத்து வீட்டு வார்த்தை வருகிறது. சில நாட்களில் அதுவும் வராது. தலைக்குள் மார்கழிப் பனி இறங்கினாற்போல் இருக்கும். பேப்பரில் ஒரே பத்தியை மூன்று தடவை படிப்பேன். இங்கிலீஷில் இதற்கு "பிரெயின் ஃபாக்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூளை மூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். இது தனியாக ஒரு வியாதியின் பெயர் அல்ல, நோயாளிகள் படுகிற ஒரு நிலைக்கு வைத்த பெயர்.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். வெட்கம்தான். முப்பது வருஷத்துக்கு மேல் சார் கருவூலத்தில் வேலை பார்த்தவள். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஓய்வூதியர்கள் நேர்காணலுக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். பெயரைக் கேட்டால் ஊரைச் சொல்வார்கள், ஊரைக் கேட்டால் சேர்ந்த வருஷத்தைச் சொல்வார்கள். "பெரியவரே, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்று எத்தனை பேரிடம் அலுத்துக்கொண்டிருக்கிறேன்! அவர்களில் எத்தனை பேருக்கு என்னென்ன மாத்திரை ஓடிக்கொண்டிருந்ததோ. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற முறை எனக்கு வந்தபோது, "வயசாயிடுச்சு" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

அந்தச் சௌகரியம் எவ்வளவு ஆபத்தானது என்று கோயம்புத்தூரில் தெரிந்தது.

எனக்கு முக்கியமான மருந்து மெத்தோட்ரெக்சேட். அதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். என் நாள் திங்கட்கிழமை. மகள் வீட்டுக்குப் பத்து நாள் தங்கப் போயிருந்தேன். அன்று எனக்கு மூட்டமான நாள், பயணக் களைப்பு வேறு. மகள் மாத்திரை டப்பாவில் எடுத்து வைக்கும்போது ஒவ்வொன்றாகக் கேட்டாள். "இந்தச் சின்ன மாத்திரை எப்பம்மா?" நான் திங்கள் என்று நினைத்துக்கொண்டு "தினம்" என்றேன். அவளும் அப்படியே எல்லா அறையிலும் ஒன்று போட்டுவிட்டாள். திங்கள் சாப்பிட்டேன். செவ்வாயும் சாப்பிட்டேன். டப்பாவில் இருந்ததைச் சாப்பிட்டேன், அவ்வளவுதான். கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற தெளிவு அன்று இல்லை.

புதன்கிழமை காலை மாத்திரை போதாது என்று மகள் மருந்துக் கடைக்குப் போய் இன்னும் இரண்டு அட்டை கேட்டிருக்கிறாள். கடையில் இருந்த பெரியவர், "யாருக்கும்மா? வாரத்துக்கு ஒண்ணுதானே இது, எதுக்கு இத்தனை?" என்று கேட்டிருக்கிறார். அவள் அங்கிருந்தே எனக்குப் போன் போட்டாள். "அம்மா, இன்னிக்குச் சாப்பிட்டியா? இன்னும் இல்லையே? வாயில போடாதே, டப்பாவைத் தொடாதே!"

அன்றைக்கே எங்கள் டாக்டரைப் போனில் பிடித்தோம். கூடுதலாகப் போனது ஒரு மாத்திரைதான் என்றாலும் அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் உடனே பரிசோதனை செய்யச் சொன்னார், சில நாள் கழித்து மறுபடியும். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் பத்து நாள் அப்படியே தினமும் போயிருந்தால்? வாய் முழுக்கப் புண் வரும், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரியும், எலும்பு மஜ்ஜை வேலை நிறுத்தம் செய்யும். இந்த மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் "மெத்தோட்ரெக்சேட் மண்டே, ஃபோலிக் ஃப்ரைடே" என்று முதலெழுத்தை வைத்து ஞாபகப்படுத்திக்கொள்கிறார்கள். அவர்களுக்குச் சரி. தமிழில் திங்களுக்கும் தினத்துக்கும் காதில் விழும்போது எவ்வளவு வித்தியாசம்? தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த மருந்தைத் திங்கட்கிழமை கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி. ஞாயிறு கொடுக்கட்டும், வெள்ளி கொடுக்கட்டும். எனக்கு டாக்டரிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். சீட்டிலும் "ஞாயிறு மட்டும்" என்று தமிழில் எழுதி வாங்கினேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதினார், எழுதட்டும்.

இதற்காக அந்த மருந்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வாரம் ஒரு முறை என்ற ஒழுங்கில் அது நல்ல மருந்து. என் விரல்கள் இன்று பூ தொடுக்கின்றன என்றால் அதனால்தான். ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். இந்த மருந்தும், இதன் கெடுதியைக் குறைக்க நாம் சாப்பிடும் ஃபோலிக் ஆசிட்டும், அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் எல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமையில் நடந்த வேலையில் உருவானவை. பீமவரத்தில் பிறந்து நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1948-ல் காலமாகிவிட்டார். 1995-ல் தபால் தலை வெளியிட்டார்கள். முதலில் ரத்தப் புற்றுநோய்க்கு வந்த மருந்து, முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1988-ல்தான். ஃபோலிக் ஆசிட்டை மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் நாளில் சாப்பிட வேண்டாம் என்று என் டாக்டர் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு அவரவர் டாக்டர் சொல்வதுதான்.

கோயம்புத்தூர் சம்பவத்துக்குப் பிறகுதான் வெட்கத்தை விட்டு, பீரோவில் மாவு வைத்த கதையை டாக்டரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "நிறைய பேருக்கு இருக்கும்மா, நீங்கதான் சொல்றதில்லை" என்றார். மூட்டில் இருக்கிற அழற்சி மூட்டோடு நிற்பதில்லையாம். அந்த ரசாயனங்கள் ரத்தத்தில் ஓடி அசதியையும் மந்தத்தையும் உண்டாக்குகின்றன. ராத்திரி முழுக்க வலித்தால் தூக்கம் போகும், தூக்கம் போனால் மறுநாள் வார்த்தை போகும். மனச்சோர்வும் அப்படியே செய்யும். மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குக் கனமாக இருக்கும். ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும். நரம்பு வலிக்கென்று கொடுக்கிற சில மாத்திரைகளும் டிரமடால் மாதிரியான வலி மருந்தும் தலையை மந்தமாக்கும்.

இதெல்லாம் போக, முடக்குவாதத்தின் தலையில் பழியைப் போடும் முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன என்று ரத்தசோகை, தைராய்டு, பி12 மூன்றுக்கும் எழுதிக் கொடுத்தார். எனக்கு பி12 குறைவாக இருந்தது. நாங்கள் சைவம். அசிடிட்டிக்கு வருஷக்கணக்காக மாத்திரை சாப்பிட்டு வந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் இது குறையுமாம். ஊசி போட்ட இரண்டு மாதத்தில் பனி பாதி விலகியது. மீதிப் பாதி இருக்கிறது. ஆனால் அந்தப் பாதியை நான் இரண்டு வருஷம் சும்மா சுமந்திருக்கிறேன், "வயசாயிடுச்சு" என்ற ஒரு வார்த்தையால். வயதானால் இப்படித்தான் என்று நாமே முடிவு கட்டிக்கொள்வதில் எனக்கு இப்போது உடன்பாடே இல்லை. அதை டாக்டர் சொல்லட்டும், பரிசோதனை பார்த்துவிட்டு.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நான் சொல்வது மெதுவாக வந்து, கூடிக் குறைகிற மந்தம். திடீரென்று பேச்சு குழறினாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க வராவிட்டாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து உட்காரவைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். வல்லாரை சாப்பிடு என்றார்கள். துவையல் அரைத்துச் சாப்பிடுகிறேன், ருசிக்காக. சுடோகு போடு என்றார்கள். எனக்கு அது பிடிக்காது. ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குவது எனக்கு எந்தக் கட்டத்தைவிடவும் உதவுகிறது. மூட்டு வலிக்கு என்று பெயரில்லாத பொட்டலத்தில் விற்கிற பொடிகளை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்தவை பிடிபட்டிருக்கின்றன. இரண்டு நாளில் வலி பறந்து போனால் மகிழ்ச்சிக்குப் பதில் சந்தேகம் வர வேண்டும்.

நான் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஏழு அறை டப்பா, அதை நிரப்புவது நான், சரிபார்ப்பது என் கணவர். கருவூலத்தில் ஒருவர் எழுதின பில்லை இன்னொருவர் சரிபார்க்காமல் பணம் போகாது. அதே முறைதான். மெத்தோட்ரெக்சேட் அட்டை மற்ற மருந்தோடு இருக்காது, தனியாக ஒரு சிவப்பு டப்பாவில். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரானாலும், இதைச் சாப்பிடுகிறேன் என்று எழுதின சீட்டை முதலில் நீட்டுவேன். கோ-ட்ரைமாக்சசோல் என்ற சாதாரணக் கிருமி மருந்தே இதனோடு சேர்ந்தால் ஆபத்து. திங்கட்கிழமை எனக்கு மந்தமாக இருக்கும் என்பதால் அன்றைக்கு பேங்க் வேலை கிடையாது, போனில் யார் என்ன நம்பர் கேட்டாலும் பதில் கிடையாது. அடுப்பில் பால் வைத்தால் பக்கத்திலேயே நாற்காலி.

வீட்டில் ஒரு வழக்கமும் செய்துகொண்டோம். வார்த்தை வராவிட்டால் நான் நின்றுவிடுவேன், அவர்கள் காத்திருக்க வேண்டும். முன்பெல்லாம் நான் முடிப்பதற்குள் மாப்பிள்ளை ஒன்று சொல்வார், மகள் ஒன்று சொல்வாள். ஏலம் போடுவது மாதிரி இருக்கும். இருந்த வார்த்தையும் ஓடிப்போகும். இப்போது பெயர் வராவிட்டால் அது செய்கிற வேலையைச் சொல்கிறேன். சிரிக்கலாம், தடையில்லை. ஆனால் மருந்து, அடுப்பு, பணம் மூன்றிலும் நான் சொன்னதைத் திருப்பிக் கேட்க வேண்டும். "திங்களா, தினமா?" என்பது எங்கள் வீட்டில் இப்போது ஒரு சொலவடையாகவே ஆகிவிட்டது. காய்கறி லிஸ்ட் சொன்னால்கூட என் கணவர் கேட்கிறார்.

நேற்று மாடியில் துணி காயப்போடும்போது காற்று பலமாக அடித்தது. பேத்தியைக் கூப்பிட்டு, "அந்த… துணியைக் கடிக்குமே, பல்லு மாதிரி, அதைக் கொண்டா" என்றேன். ஒரு நிமிஷம் யோசித்தாள். கீழே ஓடிப்போய் கிளிப் டப்பாவோடு வந்தாள். கூடவே தாத்தாவின் பல் செட் டம்ளரையும் கொண்டு வந்திருந்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று.